செட்டில் ஒன்று குறைகிறது

மேஜை மேல் மறுபடியும் மூன்று தம்ளர்கள் இருந்தன.

வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருவர் மாமனார், இன்னொருவன் மாப்பிள்ளை. காலையில் காபி போட்டுக் குடித்துவிட்டு மாப்பிள்ளை வேலைக்கு ஓடினான். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் இரண்டு தம்ளர்கள் காலி. மூன்றாவது, ஜன்னலோர நாற்காலிக்கு எதிரே, காபி ஆறி ஆடை கட்டி அப்படியே நின்றது. இந்த மாதத்தில் இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை அவன் விட்டுவிட்டான்.

மூன்றாவதை வைத்தது யார்? தான் வைத்ததாக அவனுக்கு நினைவில்லை. வேறு ஆள் வீட்டில் கிடையாது. ஆகவே மாமனார்.

அவன் காபியைக் கொட்டி, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். மாமனார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. காய் அடுக்கிட்டேன். ஆனா செட்டுல ஒண்ணு குறையுது."

"எது மாமா?"

"கறுப்புக் குதிரை. நேத்து இருந்துச்சு."

"எங்கயாவது கைமறதியா வெச்சிருப்பீங்க. யோசிச்சுப் பாருங்க."

"வெச்சிருப்பேன், வெச்சிருப்பேன்," என்றார் மாமனார். சொல்லிக்கொண்டே பக்கத்திலிருந்த சின்ன நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அந்த வீட்டில் செஸ் புகுந்து பன்னிரண்டு நாளாகிறது. ஆசைப்பட்டு வாங்கியதல்ல. டாக்டர் சொன்னது.

டாக்டரிடம் போகலாம் என்றவரும் மாமனார்தான். "தனியா போக ஒரு மாதிரி இருக்கு, துணைக்கு வர்றீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார். தன் மறதி தனக்கே தெரிகிற மனுஷர் உலகத்தில் எத்தனை பேர் என்று மாப்பிள்ளை உள்ளுக்குள் அவரை மெச்சிக்கொண்டு கிளம்பினான். டாக்டர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

"மறதி இருக்கா?" டாக்டர் இருவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியைப் பார்த்துக் கேட்டார்.

"இருக்கு," என்றார் மாமனார்.

"தூக்கம்?"

"அரைகுறை."

"எத்தனை நாளா இப்படி?"

"ஒம்பது மாசமா."

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் மூன்று பேரும் மேஜை மேலிருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்தார்கள். ஒன்பது மாதத்துக்கு முன்னால்தான் அவள் போய்ச் சேர்ந்தாள். ஒருவருக்கு மகள், இன்னொருவனுக்கு மனைவி. ஜன்னலோர நாற்காலி அவளுடையது.

"மாத்திரை எல்லாம் வேண்டாம்," என்றார் டாக்டர். "தினம் ஒரு ஆட்டம் செஸ் ஆடுங்க. அடுத்து என்ன, அதுக்கடுத்து என்னன்னு மூளை முன்னாடி பார்க்கப் பழகும். பின்னாடியே பார்த்துக்கிட்டு நிக்காது. கவனம் வரும், ஞாபகம் வரும், எடுத்த பொருளை எடுத்த இடத்துல வெக்கிற புத்தி வரும். வீட்டுல சரியா ரெண்டு பேர் இருக்கீங்க, வேறென்ன வேணும்? கூட இருக்கிறவங்க நல்லா பார்த்துக்கணும், அவ்வளவுதான்."

"பார்த்துக்கறேன் டாக்டர்," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மாமனார் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை கேட்கவில்லை. வயதானவர், கூச்சப்படுவார்.

ஆட்டம் லேசில் நடக்கவில்லை. முதல் மூன்று நாள் மந்திரி யார் என்பதிலேயே போயிற்று. மாமனார் சின்ன வயதில் ஆடிய ஆட்டத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்பது மந்திரி. மாப்பிள்ளைக்கோ அது ராணி, குறுக்கே ஓடுவதுதான் மந்திரி. "மந்திரியை வெட்டிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் வேறு காயைத் தேடினார். கடைசியில், ராஜா பக்கத்தில் நிற்பது ராணியாகவே இருக்கட்டும் என்று மாமனார் விட்டுக்கொடுத்தார்.

அதைவிடக் கஷ்டம் அவருடைய கேள்விகள்தான்.

"மாப்பிள்ளை, இதுக்கு முன்னாடி நான் எந்தக் காயை நகர்த்தினேன்?"

"யானையை மாமா."

"சிப்பாயை இல்ல?"

"ஓ, சிப்பாயா? இருக்கும்."

"இப்ப யார் முறை?"

"உங்க முறை மாமா."

"அப்படியா?" என்று கேட்டு, நோட்டில் குறித்துக்கொண்டு, காயை நகர்த்துவார். நகர்த்தின காயும் தெரியாமல், யார் முறை என்றும் தெரியாமல் ஒரு மனுஷர் எத்தனை தூரம் தளர்ந்துவிட்டார் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொள்வான்.

இதற்கிடையில் மச்சினன் ஃபோன் செய்திருந்தான். வெளியூரில் இருப்பவன், அவளுக்குத் தம்பி.

"அப்பா எல்லாம் சொன்னார் மச்சான். நிலைமை சரியில்லைன்னு தெரியுது. சனிக்கிழமை சாயங்காலம் வர்றேன். வந்து பார்க்கறேன், தேவைப்பட்டா கையோட கூட்டிட்டுப் போயிடறேன்."

மாப்பிள்ளை சரி என்று சொல்லி ஃபோனை வைத்தான். மாமனாரும் போய்விட்டால் வீட்டில் ஒரே ஒரு தம்ளர்தான் மிஞ்சும். அதைத் தினமும் கழுவுவதற்குத் தனக்குத் தெம்பு இருக்குமா என்று யோசித்தான். இருக்காது என்று தோன்றியது. சனிக்கிழமைக்குள் மாமனாரின் மூளையை எப்படியாவது முறுக்கேற்றியாக வேண்டும். அதற்கு ஆட்டம் நிற்கக் கூடாது. ஆட்டத்துக்குக் குதிரை வேண்டும்.

குதிரை செய்வது அவனுக்குப் பெரிய வேலையில்லை. அவன் தொழிலே பல்செட் கட்டுவது. பல் டாக்டர்கள் வாயை அளவெடுத்து அச்சு அனுப்புவார்கள். இவன் மெழுகில் வரிசை அடுக்கி, ரோஸ் நிற அக்ரிலிக்கில் ஈறு வைத்து, டப்பாவில் போட்டு அனுப்புவான். மாமனாருக்கும் அவன் கட்டியதுதான். "ஊர்ல எல்லாரும் பொண்ணைக் குடுத்து மாப்பிள்ளை எடுப்பாங்க. நான் பொண்ணைக் குடுத்துப் பல்லு எடுத்தேன்," என்று கல்யாணமான புதிதில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். இப்போது சொல்வதில்லை. அதையும் மறந்துவிட்டார் போல.

செஸ் வந்த முதல் நாள் மட்டும் ஒன்று சொன்னார்: "முப்பத்திரண்டு காய், முப்பத்திரண்டு பல்லு. ரெண்டும் வரிசையா நிக்கும், ஒண்ணொண்ணா விழும்."

"பல்செட்டுல இருபத்தெட்டுதான் மாமா. ஞானப்பல் வெக்கிறதில்ல."

"அதான் கட்டினவருக்கும் இல்ல, போட்டவனுக்கும் இல்ல."

வெள்ளிக்கிழமை பட்டறையில் மீந்த அக்ரிலிக்கில் ஒரு கழுத்தை உருட்டினான். அதன் மேல் ஒரு கடைவாய்ப் பல்லைப் படுக்க வைத்து மூஞ்சி ஆக்கினான். குதிரை போலவும் இருந்தது, ஈறு வீங்கியது போலவும் இருந்தது. அதை ஒரு வெள்ளை டப்பாவில் வைத்தான். பக்கத்திலேயே இன்னொரு வெள்ளை டப்பாவில் பஸ் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற அம்மாவின் கீழ்ச் செட்டு, மறுநாள் கிளினிக்குக்குப் போகத் தயாராக இருந்தது. ஒன்றை ஸ்கூட்டர்காரரிடம் கொடுத்தான். இன்னொன்றை வீட்டுக்கு எடுத்துப்போய் மேஜை மேல் வைத்துவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் படுத்துவிட்டான்.

சனிக்கிழமை காலை பத்தரைக்குப் பல் கிளினிக்கிலிருந்து ஃபோன் வந்தது. வரவேற்பு மேஜைப் பெண் பேசினாள்.

"சார், பஸ் ஸ்டாண்டு அம்மாவோட கீழ்ச் செட்டு டப்பாவைத் திறந்தா, குதிரை இருக்கு சார்."

"குதிரைப் பல்லா? அளவெல்லாம் சரியாத்தானே வெச்சேன்."

"பல்லு இல்ல சார். குதிரை."

மாப்பிள்ளை ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றினான்.

"அந்தம்மா வாயைத் திறந்துக்கிட்டு நாற்காலியில சாய்ஞ்சிருக்காங்க சார். நாலு மணிக்கு டியூட்டியாம். மூடச் சொல்லட்டா?"

டப்பா எப்படி மாறியது என்று யோசித்தான். நேற்று மாமனார் மூன்று தடவை ஃபோன் செய்து "குதிரை ஆச்சா" என்று கேட்டார். அந்தக் குழப்பத்தில்தான் கை மாறியிருக்கிறது. மறதிக்காரரோடு ஒரே வீட்டில் இருந்தால் அது ஜலதோஷம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆகவே மாமனார்.

வீட்டுக்கு ஃபோன் செய்தான்.

"மாமா, ஸ்கூட்டர்காரர் வருவார். மேஜை மேல இருக்கிற செட்டை டப்பாவோட குடுத்தனுப்பிடுங்க."

"செட்டையா? முழுசாவா?"

"முழுசாத்தான் மாமா. அரை செட்டை வெச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க?"

"நமக்கு வேண்டாமா?"

"நமக்கு எதுக்கு மாமா அது?"

"சரி," என்றார் மாமனார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஒரு மணி நேரத்தில் மறுபடியும் அந்தப் பெண்.

"சார், இப்ப முழு செட்டும் வந்திருக்கு. ராஜா, ராணி, யானை எல்லாம். குதிரைக்கு ஜோடி கேட்டோம்னு நினைச்சுட்டீங்களா சார்?"

மாப்பிள்ளை நெற்றியை மேஜையில் வைத்துக்கொண்டான். இருபது வருஷம் ஆபீஸ் நடத்திய மனுஷர், பல்லுக்கும் செஸ்ஸுக்கும் வித்தியாசம் தெரியாமல் அனுப்பியிருக்கிறார். சாயங்காலம் மச்சினன் வருகிறான்.

சாப்பிட்டுவிட்டு நேரில் போகலாம் என்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். சாப்பாட்டுக்கு மேலே கறுப்புக் குதிரை படுத்திருந்தது.

டப்பாவில் சாப்பாடு எடுத்து வைத்தது அவன்தான். ஆனால் டப்பாவைத் தினமும் கழுவி வைப்பவர் யார்? அவன் கொஞ்ச நேரம் குதிரையைப் பார்த்தான். பிறகு அதைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, மூடியை மூடினான். ஆகவே மாமனார்.

முதலாளியம்மாவிடம் அரைநாள் லீவு கேட்டான். அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முழு நாளே எடுத்துக்கங்க. வேணும்னா ஒரு மாசம்கூட எடுத்துக்கங்க. நாங்க யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டோம்," என்றாள். எவ்வளவு நல்ல மனசு. மாமனாரின் நிலைமை அவள் காது வரைக்கும் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் மேஜை மேல் டப்பா திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. மாமனார் உள்ளறையில், முகத்தின் மேல் பேப்பரைக் கவிழ்த்துக்கொண்டு மதியத் தூக்கத்தில் இருந்தார். குழாயடித் திட்டில் இரண்டு கிண்ணங்கள். இரண்டிலும் தண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு கீழ்ச் செட்டு.

பல்செட் காய்ந்துபோகக் கூடாது, தண்ணீரில்தான் கிடக்க வேண்டும் என்று மாமனாருக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். அதன்படி அந்த அம்மாவுடையதையும் எடுத்து ஊறப் போட்டிருக்கிறார். மாமனாருக்குப் போன மாதம்தான் புதுக் கீழ்ச் செட்டு கட்டிக் கொடுத்திருந்தான். ஆக, இரண்டும் புதுசு, இரண்டும் ஒரே ரோஸ், இரண்டும் ஒரே கைவேலை.

எவருடைய பல்லையும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன் என்பது அவன் பெருமை. அன்றைக்கு ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தான்.

கிளினிக்கில் அந்த அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். மணி மூன்றே முக்கால். டாக்டர் உள்ளே வேறொருவர் வாயில் இருந்தார். அவள் டப்பாவைப் பிடுங்கி, செட்டை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டு, தாடையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "பறகப் பறகச் சரியாயிடும்," என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவில் ஏறிப் போனாள்.

அப்பாடா என்று அவன் வீட்டுக்கு நடந்தான். பாதி வழியில்தான் செஸ் செட்டை வாங்கிக்கொள்ளவில்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போக நேரமில்லை, மச்சினன் வந்துவிடுவான்.

மாமனார் எழுந்து முகம் கழுவி, மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்பிழ்ழை," என்றார். "வேழை முடிஞ்சுதா?"

மாப்பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் வாயைப் பார்த்தான்.

"எனக்கு என்னமோ வாய் ஒழு மாதிழி இழுக்கு மாப்பிழ்ழை."

ஒரு நாக்கில் இத்தனை ழகரம் தாங்காது. அது யாருடைய பல் என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. கிளினிக்குக்கு ஃபோன் போட்டான்.

"நானே கூப்பிடலாம்னு இருந்தேன் சார்," என்றாள் அந்தப் பெண். "அந்தம்மா பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஃபோன் பண்ணாங்க. எல்லா எழுத்தும் வருதாம். 'ழ' மட்டும் வரலையாம். ரொம்பக் கலவரமா இருக்காம்."

"பேச்சு வரலைன்னா கலவரம் எதுக்கு?"

"எனக்கும் புரியல சார்."

ஐந்தரை மணிக்கு மச்சினன் வந்தபோது புரிந்தது. சட்டை பாதி நனைந்திருந்தது. பையைத் தொப்பென்று போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"என்ன பஸ் ஸ்டாண்டு மச்சான் இது? நான் இறங்கி, இங்க வர்றதுக்கு எந்த பஸ்ஸுன்னு தேடிக்கிட்டிருக்கேன். ஒலிபெருக்கியில ஒரு அம்மா, 'பேருந்து எண் ஏறு, பேருந்து எண் ஏறு'ன்னு அதட்டுறாங்க. எல்லாரும் முன்னாடி நின்ன வண்டியில ஏறுறாங்க. நானும் ஏறினேன். நேரா பணிமனைக்குக் கொண்டுபோய், கழுவுற இடத்துல நிறுத்திட்டான். ஜன்னல் திறந்திருந்துச்சு. என்னோட நாப்பது பேர்."

"ஏழு," என்றான் மாப்பிள்ளை மெல்ல.

"என்ன?"

"ஒண்ணுமில்ல தம்பி."

மச்சினன் அப்பாவின் பக்கம் திரும்பினான். "எப்படிப்பா இருக்கீங்க?"

"நழ்ழா இழுக்கேன்," என்றார் மாமனார்.

மச்சினன் அவரையே பார்த்தான். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தான். மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தான். இரண்டு வாரம் பட்ட பாடெல்லாம் ஒரு ழகரத்தில் போயிற்று.

அதே நேரம் வாசலில் ஸ்கூட்டர்காரர் வந்து நின்றார். ஒரு கையில் செஸ் பெட்டி, இன்னொரு கையில் வெள்ளை டப்பா.

"சார், பஸ் ஸ்டாண்டு அம்மா இதைக் கழட்டிக் குடுத்துட்டாங்க. அவங்களோடது இங்க யாரு வாயில இருக்குன்னு கேட்டு வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அது வர்ற வரைக்கும் எந்த பஸ்ஸும் கிளம்பாதாம்."

மாமனார் மரியாதையாக எழுந்து, குழாயடிக்குப் போய், கழற்றிக் கழுவிக் கொடுத்தார். தன்னுடையதைக் கழுவி மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். செஸ் பெட்டியைத் திறந்து காய்களை அடுக்க ஆரம்பித்தார்.

பேசுவதாக இருந்தால் இப்போதே பேசிவிட வேண்டும் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. முகம் பார்த்துப் பேசத் தெம்பில்லை. காபி போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய், அங்கிருந்தே பேசினான்.

"தம்பி, இன்னிக்கு நடந்ததை வெச்சு முடிவு பண்ணிடாதீங்க. செஸ் ஆட ஆரம்பிச்சதிலேர்ந்து எவ்வளவோ தேவலாம். ஞாபகம் திரும்பிக்கிட்டு இருக்கு. டாக்டர் சொன்னது வீண்போகல."

"அப்படியா மச்சான்?" மச்சினனின் குரல் தயங்கியது.

"சின்னச் சின்ன மறதிதான் பாக்கி. பொருளை இடம் மாத்தி வெக்கிறது, யார் முறைன்னு தெரியாம இருக்கிறது, தம்ளரை ஒண்ணு கூட வெக்கிறது. அதெல்லாம் பெரிய விஷயமா? இன்னும் ஒரு மாசம் டைம் குடுங்க. நான் பார்த்துக்கறேன். கூட்டிட்டுப் போகாதீங்க. இந்த வீட்டுல..."

பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்தான்.

கூடத்தில் காய் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

காபியை ஆற்றித் தட்டில் எடுத்து வந்தான். மாமனார் முன்னால் ஒன்று வைத்தான். மச்சினன் முன்னால் ஒன்று. தன் இடத்தில் ஒன்று. ஜன்னலோர நாற்காலிக்கு எதிரே ஒன்று. பையிலிருந்த கறுப்புக் குதிரையை எடுத்து அதன் கட்டத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தான்.

"செட்டு முழுசாயிடுச்சு மாமா," என்றான்.

மச்சினன் ஜன்னலோர தம்ளரைப் பார்த்தான். அதிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அவன் அப்பாவைப் பார்த்தான். மாமனார் சட்டைப் பையிலிருந்து, நாலாக மடித்த சீட்டை எடுத்து, பலகையின் குறுக்கே மகனிடம் நகர்த்தினார். பிறகு நோட்டைத் திறந்தார். எழுதவில்லை. மூடி வைத்துவிட்டார்.

மச்சினன் சீட்டைப் பிரித்துப் படித்தான். படித்துவிட்டு, அதைத் திருப்பி மாப்பிள்ளையின் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அப்பாவை யாரு கூட்டிட்டுப் போக வந்தாங்க? டாக்டர் சீட்டுல இருக்கிறது உங்க பேரு, மச்சான்."